இறங்க இறங்க ஏன் சுடுகிறது?

மலை என்றால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இது தலைகீழ். காலையில் தெம்பாக இறங்கிவிடலாம். ஏறுவதோ களைத்த காலோடு, கொளுத்தும் வெயிலில்.

தெற்கு விளிம்பின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். அடியில் கொலராடோ ஆறு ஏறத்தாழ 750 மீட்டரில் ஓடுகிறது. ஜூலைப் பகலில் மேலே 29 டிகிரி செல்சியஸ் இருந்தால், கீழே 40-ஐத் தாண்டும்.

காரணம் என்ன? கீழே இறங்கும் காற்றை மேலுள்ள காற்றின் எடை அமுக்குகிறது. சைக்கிள் பம்ப் அடிக்க அடிக்கச் சூடாவது போலத்தான் இதுவும். உலர்ந்த காற்று 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி சூடேறும். போதாததற்கு, பகலில் வெப்பத்தை உறிஞ்சிய பாறைச் சுவர்கள் இரவிலும் அதை வெளியே விடுகின்றன.

இங்கே வியர்ப்பதே தெரியாது. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடும்; சட்டையில் வெள்ளை உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். இழந்தது நீர் மட்டுமல்ல, உப்பும்தான். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி, முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால்தான் தண்ணீரோடு உப்புத் தின்பண்டமும் எடுத்துச் செல்லச் சொல்கிறார்கள். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் நடக்க வேண்டாம், ஆற்றுக்குப் போய் ஒரே நாளில் திரும்ப முயல வேண்டாம் என்பதும் பூங்கா நிர்வாகத்தின் எச்சரிக்கை. இறங்க ஆகும் நேரத்தைப் போல இருமடங்கை ஏறுவதற்கு ஒதுக்குங்கள்.