மோரே: எல்லையில் நின்றுபோன பயணம்

குட்டி நண்பர்களே, முதலில் ஒரு புதிர்!

காலை 8 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறீர்கள். கொஞ்ச தூரம்தான் நடக்கிறீர்கள். அங்கே கடிகாரம் 9 மணியைத் தாண்டி ஓடுகிறது! சாலையில் வண்டிகள் எல்லாம் வலது பக்கமாகப் போகின்றன. கடைக்காரர் ரூபாய்க்குப் பதிலாக ‘சாட்’ கணக்கில் விலை சொல்கிறார். எங்கே வந்துவிட்டீர்கள்?

மியான்மருக்கு! நீங்கள் கிளம்பிய ஊரின் பெயர் மோரே. மணிப்பூர் மாநிலத்தில், இம்பாலிலிருந்து சுமார் 110 கி.மீ. மலைப்பாதையில் போனால் வரும் கடைசி ஊர். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 17 ஆயிரம் பேர் வாழ்ந்த சின்ன ஊர். அந்தப் பக்கம் ஐந்து கி.மீ. தூரத்தில் மியான்மரின் தமு நகரம்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். சென்னையிலிருந்து சாலை வழியாக 3,000 கி.மீ.க்கும் மேல் தள்ளியிருக்கும் இந்த ஊரில் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் இருக்கிறது. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இட்லி, தோசையும் கிடைக்கும். தமிழர்கள் அங்கே எப்படிப் போனார்கள்?

மாதம் 500 ரூபாய்க்கு ஒரு பள்ளத்தாக்கு

அதற்கு முன், அந்த எல்லைக்கோடு எப்படி வந்தது என்று பார்ப்போம். தமு இருப்பது கபாவ் பள்ளத்தாக்கில். அது யாருக்குச் சொந்தம் என்று மணிப்பூர் அரசர்களும் பர்மா அரசர்களும் வெகு காலம் சண்டையிட்டார்கள். 1834-இல் ஆங்கிலேயர்கள் அதைப் பர்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஈடாக மணிப்பூர் அரசருக்கு மாதம் 500 ரூபாய்! மலை இந்தப் பக்கம், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம் என்று ஆனது. ஆனால் குக்கி, நாகா மக்களின் சொந்தபந்தங்கள் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கோடு போட்டவர்கள் அவர்களைக் கேட்டுப் போடவில்லை.

கப்பல் ஏறிப் போனார்கள்

பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்தது. அதனால் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி ரங்கூனுக்குப் போனார்கள். வயல்களிலும் துறைமுகத்திலும் வேலை செய்தார்கள், கடை வைத்தார்கள், வட்டித் தொழில் செய்தார்கள்.

1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். காடு, மழை, பசி, காய்ச்சல். வழியிலேயே இறந்துபோனவர்கள் ஏராளம். அவர்கள் நடந்த வழிகளில் ஒன்று தமு வழியாக இம்பாலுக்கு வரும் பாதை.

வீடு எந்தப் பக்கம்?

போர் முடிந்தது. பலர் பர்மாவிலேயே வாழ்க்கையைத் தொடர்ந்தார்கள். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் வணிகத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. இந்தியர்கள் சேர்த்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டுச் சென்னைக்குக் கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜாரும், அங்கே விற்கும் ‘அத்தோ’ நூடுல்ஸும் அவர்கள் கொண்டுவந்தவைதான்.

ஆனால் எல்லோருக்கும் இங்கே மனம் ஒட்டவில்லை. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழகம் தாத்தாவின் ஊர். தங்கள் ஊர் இல்லை. கையில் பணம் இல்லை, வேலையும் இல்லை. சில குடும்பங்கள் துணிந்து கிளம்பின. ரயிலேறி வடகிழக்குக்குப் போய், மலையைக் கடந்து, நடந்தாவது பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று!

எல்லையில் பர்மா அரசு உள்ளே விடவில்லை. முன்னால் போக முடியாது. பின்னால் போக மனமில்லை. நின்ற இடம் மோரே. அங்கேயே குடிசை போட்டார்கள், கடை வைத்தார்கள், கோயில் கட்டினார்கள்.

ஒரு சந்தை, பல மொழிகள்

தமிழர்கள் அங்கே தனியாக இல்லை. குக்கிகள், மெய்தெய்கள், மணிப்பூரி முஸ்லிம்கள், நேபாளிகள், பஞ்சாபிகள், மார்வாடிகள் எனப் பலரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். 1995-இல் இரு நாடுகளுக்கும் இடையே எல்லை வணிகம் முறைப்படி தொடங்கியபோது ஊர் களைகட்டியது. பர்மிய மொழி அறிந்த தமிழ் வணிகர்களுக்கு அது கைகொடுத்தது. பள்ளியில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளர்ந்தார்கள் பிள்ளைகள்.

மூடிய கதவு

இந்தக் கதை இனிப்பாகவே முடியவில்லை. 2020-இல் கொரோனாவால் எல்லைக் கதவு மூடப்பட்டது. மறு ஆண்டு மியான்மரில் மீண்டும் ராணுவ ஆட்சி. 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தெய், குக்கி மக்களுக்கிடையே பெரும் கலவரம் மூண்டது. மோரேயிலும் வீடுகள் எரிந்தன. அங்கே வாழ்ந்த மெய்தெய் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். இம்பாலில் வாழ்ந்த குக்கிகளும் அப்படியே வீடுகளை இழந்து மலைப்பகுதிகளுக்குப் போனார்கள். ஒரே சந்தையில் பேரம் பேசியவர்கள் இன்று வேறு வேறு இடங்களில்!

தமிழர்களிலும் பலர் பிழைப்புக்காக ஏற்கெனவே வெளியூர் போய்விட்டார்கள். இன்றும் அங்கேயே இருப்பவர்களும் உண்டு.

கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்கு, யாரோ ஓர் அண்டை வீட்டுக்காரர் இடம் விட்டதால்தான் மோரே ஓர் ஊரானது. அந்த நம்பிக்கை திரும்பினால்தான் அது மறுபடி பழைய ஊராகும்.

இன்று உங்கள் அட்லஸை எடுத்து இம்பாலுக்குத் தென்கிழக்கே மோரேயைத் தேடிப் பாருங்கள். பிறகு இன்னொரு வேலை. உங்கள் வகுப்பில் வெளி மாநிலத்திலிருந்து வந்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா? ‘உங்கள் ஊரில் வணக்கம் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று நாளைக்குக் கேட்டு வாருங்களேன்!