பழைய அம்பாசிடருக்குப் புது இருதயம்

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடர் காரை நாம் அனைவரும் அறிவோம். அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி.; ஏறக்குறைய 50 குதிரைச் சக்தி. 1992-இல் அதே நிறுவனம் ஜப்பானிய இசுசு வகை 1800 சி.சி. எஞ்சினை ஐந்து கியருடன் பொருத்தி விற்றது. இதற்கு 75 குதிரைச் சக்தி. துருப்பிடித்து ஓரங்கட்டப்பட்ட வண்டியிலிருந்து இந்த எஞ்சினைக் கழற்றி, உடல் கெடாத பழைய வண்டிக்கு வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றுவோர் உண்டு.

எஞ்சினைத் தூக்கி வைப்பதுதான் பெரிய வேலை என நாம் எண்ணுகிறோம். செயின் பிளாக் இருந்தால் அது எளிதே. (தொங்கும் எஞ்சினுக்கு அடியில் மட்டும் எவரும் கை நீட்டலாகாது!) சிரமம் பிறகுதான். மவுண்டிங்குகள் ஒத்து வரா. புதிதாகச் செய்து வெல்டிங் வைக்க வேண்டும். கியர் பாக்ஸின் நீளம் வேறு. ஆகவே புரொப்பெல்லர் ஷாஃப்டை லேத் பட்டறையில் கொடுத்து, அளவுக்கு வெட்டி இணைத்து, பாலன்ஸ் பார்க்க வேண்டும். இதில் தவறினால் வேகமெடுக்கையில் வண்டி முழுவதும் அதிரும். ரேடியேட்டர், ஒயரிங் முதலியவற்றை அந்தப் பழைய வண்டியிலிருந்தே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பலரும் மறப்பது பிரேக்கை. முந்தைய அம்பாசிடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டிரம் சூடேறினால் பிடிப்புக் குறையும். கூடுதல் வேகத்தை அது தாங்குமா? கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும்போது இக்கேள்வி எழுவதைவிட, கொட்டகையிலேயே எழுவது நல்லதல்லவா தோழியரே?

எஞ்சின் எண் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி பெற்று, புது எண்ணைப் பதியாவிட்டால், விபத்து நேரும் நாளில் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதும் சந்தேகமே.