அக்டோபரில் விழும் பெட்டைகள்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்க வீடுகளில் சமையலாகும் வான்கோழி, பண்ணையில் கொழுக்க வளர்ந்தது. அதைப் பற்றி எழுத ஆண்டுதோறும் ஆள் இருக்கிறார்கள். அதன் காட்டு உறவு அதற்குச் சில வாரங்கள் முன்பே, இலையுதிர்கால வேட்டைப் பருவத்தில், துப்பாக்கி முனைக்கு வந்துவிடுகிறது. அந்நாட்டு வேட்டைக்காரர்களுக்கு வான்கோழி என்றால் வசந்தகாலம்தான். சேவல் தோகை விரித்துக் கொக்கரிக்கும் அந்த வாரங்களுக்காகவே விடுப்பு எடுப்பவர்கள் ஏராளம். இலையுதிர்காலமோ கூட்டமும் பேச்சும் குறைந்த பருவம். ஆனால் அக்கறையோடு பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது பருவத்தைத்தான். வசந்தத்தில் சுடப்படுவது சேவல். இலையுதிர்காலத்தில் பல மாநிலங்களின் விதிப்படி பெட்டையையும் சுடலாம்.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. காட்டு வான்கோழிச் சேவல் பல பெட்டைகளோடு இணையும். இணைந்தபின் அதற்குக் குடும்பப் பொறுப்பு எதுவும் கிடையாது. கூடு பார்ப்பதும், பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு ஏறத்தாழ 28 நாள் அடைகாப்பதும், குஞ்சுகளை நடத்திக்கொண்டு போவதும் முழுக்கப் பெட்டையின் வேலை. கூடு தரையில் இருப்பதால் ரக்கூன், ஸ்கங்க், பாம்பு எல்லாவற்றுக்கும் அது எட்டும். பொரித்த குஞ்சுகள் முதல் இரண்டு வாரம் மரக்கிளைக்குப் பறக்க முடியாமல் தாயின் சிறகுக்கடியில் தரையிலேயே இரவைக் கழிக்கின்றன. பெரும்பாலான குஞ்சுகள் இந்த வாரங்களைத் தாண்டுவதில்லை. இந்த நிலையில் வசந்தத்தின் பிற்பகுதியில் ஒரு சேவல் போனால் அடுத்த தலைமுறையின் எண்ணிக்கை பெரிதாக மாறாது. அக்டோபரில் ஒரு பெட்டை போனால் அடுத்த மே மாதத்துக் கூடு ஒன்று போயிற்று. அதுவும் ஒருமுறையாவது அடைகாத்துப் பழகிய பெட்டை என்றால் இழப்பு இன்னும் பெரிது. முதன்முறை கூடுகட்டும் இளம் பெட்டையைவிட மூத்த பெட்டையே குஞ்சுகளைக் கரைசேர்ப்பதில் வல்லது.

இலையுதிர்கால வேட்டையின் முறையே பெட்டையையும் குஞ்சையும் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. இந்தப் பருவத்தில் மூத்த சேவல்கள் தனிக்கூட்டமாக ஒதுங்கிவிடும். கண்ணில் படுவது பெரும்பாலும் தாயும் அந்த ஆண்டுக் குஞ்சுகளும் சேர்ந்த கூட்டம். வேட்டைக்காரர் அந்தக் கூட்டத்துக்குள் ஓடி, சில மாநிலங்களில் நாயையும் ஏவி, பறவைகளை நாலா திசையிலும் சிதறடிப்பார். பிறகு சிதறிய இடத்திலேயே மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்து, வழிதவறிய குஞ்சின் சீழ்க்கையையோ, பிள்ளைகளைக் கூட்டும் தாயின் குரலையோ ஊதுகருவியில் எழுப்புவார். பிரிந்தவை ஒன்றைத் தேடி ஒன்று அந்தக் குரலை நோக்கி வரும். இதற்கு வேண்டிய பொறுமையும் காட்டறிவும் அசாதாரணமானவை என்பதை மறுக்க முடியாது. அந்தத் திறமை வெற்றி பெறும்போது எதிரே நிற்பது எந்தப் பறவை என்பதுதான் கேள்வி.

இந்த இனம் எங்கிருந்து மீண்டு வந்தது என்பதை நினைத்தால் கேள்வியின் கனம் புரியும். காடழிப்பும் கட்டற்ற வேட்டையும் சேர்ந்து 1930-களுக்குள் நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் பறவைகளை மட்டுமே விட்டுவைத்தன. மாசசூசெட்ஸில் 1851-லேயே கடைசிப் பறவையும் போய்விட்டது. 1937-ல் வந்த சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை வனவிலங்கு மீட்புக்குத் திருப்பியது. அந்தப் பணத்தில் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பண்ணையில் பொரித்து வளர்த்த வான்கோழிகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மடிந்தன. எதைத் தின்பது, எதற்கு அஞ்சுவது, இரவில் எங்கே அடைவது என்று காட்டுத்தாய் கூடவே நடந்து பழக்காத குஞ்சுகள் அவை. 1951-ல் தென் கரோலினாவில் பீரங்கிபோல் வெடித்துப் பாயும் வலையால் காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து இடம் மாற்றும் வழி கைகூடிய பிறகுதான் நிலைமை திரும்பியது. மாசசூசெட்ஸுக்கு 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து வந்தவை 37 பறவைகள். இன்று அங்கே 25,000-க்கும் மேல். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டு எண்ணிக்கை 70 லட்சத்தை நெருங்கியது. வேட்டைக்காரர்களின் பணமும் உழைப்பும் இல்லாமல் இது நடந்திருக்காது. வேட்டையே கூடாது என்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நம் நாட்டு வாசகருக்கும் இது எளிதில் ஒப்பாத உண்மை.

ஆனால் அந்த உச்சம் நிலைக்கவில்லை. தெற்கிலும் நடுமேற்கிலும் பல மாநிலங்களில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் பெட்டைக்கு எத்தனை குஞ்சு என்று மாநிலங்கள் கணக்கெடுக்கின்றன. சுமார் இரண்டு குஞ்சாவது இருந்தால்தான் கூட்டம் தேயாமல் நிற்கும் என்பது துறையினரின் பொதுவான மதிப்பீடு. பல இடங்களில் அந்த இரண்டே எட்டாக்கனியாகிவிட்டது. வரவு இப்படிச் சுருங்கியிருக்கும்போது செலவில் கை வைப்பதுதான் விவேகம். எப்படியும் குளிர்காலத்தில் சாகப்போகும் பறவையைத்தானே சுடுகிறோம் என்ற பழைய வாதம் காடைக்கு ஓரளவு பொருந்தலாம், வான்கோழிக்குப் பொருந்தாது. கடும்பனி இல்லாத இடங்களில் வளர்ந்த பெட்டை குளிர்காலத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடும். அதற்கு ஆபத்து கூடுவது அடைகாக்கும் வாரங்களில். ஆகவே அக்டோபரில் சுட்ட பெட்டை, மற்ற சாவுகளோடு கூடுதலாகச் சேரும் சாவு. இலையுதிர்காலத்துக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் சரிவு தொடங்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிப்பது இதனால்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓக் மரங்கள் சரியாகக் காய்க்காத ஆண்டில் பறவைகள் இரை தேடி வயலோரங்களுக்கு இறங்கி வெட்டவெளியில் அகப்படும். விதி அதே விதிதான், உரிமம் அதே உரிமம்தான், விழும் பறவைகள் மட்டும் கூடிவிடும். காட்டில் தீனி குறைந்த ஆண்டே துப்பாக்கிக்கு அதிகம் இரையாகும் ஆண்டாகிவிடுகிறது.

சரிவுக்கு வேட்டையா காரணம் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. குஞ்சுகள் பூச்சி பொறுக்கும் புல்வெளிகள் மறைந்தன, தோல் விலை வீழ்ந்ததும் ரக்கூன் பிடிப்பவர்கள் குறைந்தார்கள், வசந்தமழை குஞ்சுகளை நனைத்துக் கொல்கிறது. மூன்றும் உண்மை. ஆனால் இவற்றில் எதையும் ஓராண்டில் மாற்ற முடியாது. புல்வெளியை மீட்கப் பல ஆண்டுகள் பிடிக்கும், மழையை யாரும் ஒழுங்குபடுத்த முடியாது. வேட்டைவிதியை ஒரு கூட்டத்தில் மாற்றலாம். அடுத்து சொல்வது, இலையுதிர்காலத்தில் வேட்டைக்குப் போகிறவர்களே அருகிவிட்டார்கள் என்பது. மிசௌரியில் 1987-ன் இலையுதிர்காலத்தில் 28,000-க்கும் மேல் சுடப்பட்டன, இன்று சில ஆயிரம்தான். ஆனால் மாநிலச் சராசரி ஆறுதல் தரும் அளவுக்கு உண்மை தருவதில்லை. ஒரு பள்ளத்தாக்கில் இருபது பெட்டைகளே மிச்சம் என்றால் அங்கே மூன்று போவது மாநிலக் கணக்கில் தெரியாது, அந்தப் பள்ளத்தாக்கில் தெரியும். மேலும், வேட்டைக்காரர் குறைந்திருப்பதால் பாதிப்பில்லை என்றால், பெட்டையை விலக்குவதால் மனம் நோகப்போகிறவர்களும் குறைவுதானே? மரபு, இறைச்சி என்ற வாதங்களை மதிக்கலாம். இரண்டுக்கும் சேவல் போதும்.

அந்தச் சேவலை இலையுதிர்காலத்தில் அடையாளம் காண முடியுமா என்பது மட்டுமே கனமான ஆட்சேபம். அந்த ஆண்டுச் சேவல்குஞ்சுக்கு மார்பில் தொங்கும் தாடி இன்னும் வெளியே தெரிந்திருக்காது, சில பெட்டைகளுக்குத் தாடி முளைப்பதும் உண்டு. பிழை நேரும்தான். ஆனால் தாடி இல்லையென்றால் சுடாதே என்ற விதியில் பிழைகளில் பெரும்பாலானவை பறவையின் உயிரைக் காக்கும் பக்கமே சாயும். புளோரிடாவில் இலையுதிர்காலத்தில் சேவலையும் தாடியுள்ள பறவையையும் மட்டுமே சுடலாம், வேட்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நியூயார்க் 2015-ல் பருவத்தை இரண்டு வாரமாகவும் ஆளுக்கு ஒரு பறவையாகவும் குறைத்தது. கான்சாஸ் 2023-ல் இலையுதிர்காலப் பருவத்தையே நிறுத்திவைத்தது. எண்ணிக்கை இறங்கும் மற்ற மாநிலங்களும், அடுத்த விதிப்புத்தகம் அச்சாகும் முன், குறைந்தபட்சம் புளோரிடாவின் விதியையாவது எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மாநிலங்களில் குடியிருக்கும் எவரும் வேட்டைவிதி மீது கருத்துச் சொல்லலாம், அதற்குத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை.