வேலிக்கருவையைத் தோண்டும்போது வன்னியை விட்டுவையுங்கள்

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் ஆட்கள் போய்விட, மானாவாரி நிலங்கள் பல தரிசாகக் கிடக்கின்றன. தரிசில் முதலில் ஏறுவது வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம். அதை மூட்டத்துக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, தூரை ஜேசிபி வைத்துத் தோண்டி, நிலத்தை உழவுக்குக் கொண்டுவர நினைப்பது நல்ல காரியம். ஆனால் இயந்திரத்துக்கு எல்லாம் முள்மரம்தான். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி வேலிக்கருவையை அகற்றும் வேலை வேகமாக நடந்தது. அப்படி அவசரமாகத் தோண்டும்போது சேர்ந்து போகக்கூடியது வன்னி. கோயிலில் சுற்றிவந்து கும்பிடும் மரம்தான். காட்டில் நின்றால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை!

இரண்டும் பயறு வகைக் குடும்பம், நெருங்கிய சொந்தம். ஆகவே முள்ளைப் பாருங்கள். வேலிக்கருவையின் முள் நீளமானது, பெரும்பாலும் இலைக்காம்பின் அடியில் சோடியாக இருக்கும். வன்னி முள் குட்டையாக, அடி அகன்று, ரோஜா முள்போலக் குச்சியில் ஆங்காங்கே நிற்கும். வேலிக்கருவை நெற்று தட்டையாகத் தடித்து மஞ்சளாக இருக்கும். வன்னி நெற்று மெல்லிசாக உருண்டு தொங்கும். முற்றிய வன்னியின் பட்டை சாம்பல் நிறத்தில் ஆழமாக வெடித்திருக்கும்.

வேலிக்கருவை தன் அடியில் வேறு பயிரை எளிதில் வரவிடாது. வன்னியின் ஆணிவேர் மிக ஆழத்துக்கு இறங்குவதால் மேல்மண் ஈரத்துக்குப் பயிரோடு அதிகம் போட்டி போடாது. வேர் முடிச்சுகள் தழைச்சத்தையும் சேர்க்கும். ராஜஸ்தானில் இது மாநில மரம். அங்கே வன்னி நிற்கும் காட்டுக்குள்ளேயே கம்பு விதைக்கிறார்கள், தழையைக் கழித்து ஆடு மாடுகளுக்குப் போடுகிறார்கள், பிஞ்சு நெற்றைக் காயவைத்துக் கறி சமைக்கிறார்கள். நமக்கும் கம்பு புதிதல்ல. மழை பொய்த்த வருடம் கோடையில் ஆட்டுக்குப் பச்சைத் தழை எங்கே என்று அலைகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். வன்னிப் பூவுக்குத் தேனீயும் வரும்.

ஜேசிபி வருவதற்கு முதல் நாளே நிலத்தைச் சுற்றிவந்து, வன்னி மரங்களின் அடியில் சுண்ணாம்பு பூசிவிடுங்கள். சிறு கன்றாக இருந்தால் பக்கத்தில் குச்சி ஊன்றித் துணி கட்டுங்கள். புதிதாக நட விரும்புபவர்கள் வண்டு துளைக்காத விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து உயரமான பையில் போடுங்கள். ஆணிவேர் பையைத் துளைக்கும் முன் ஐப்பசி மழையில் வரப்போரம் நட்டுவிட வேண்டும். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வருடம் ஆடு கடிக்காமல் முள் அடைக்க வேண்டும். அடைக்க வேலிக்கருவை முள்ளே போதும். ஆனால் நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து வெட்டுங்கள்.