‘25’ எப்போது இருபத்தைந்து ஆகிறது?

படிவத்தில் வயது கேட்கும் கட்டத்தில் 25 என்று தட்டுகிறோம். நமக்கு அது எண். கணினிக்கு இரண்டு எழுத்துகள். ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களின் குறியெண்கள் 48 முதல் 57 வரை. ஆகவே நிரலுக்கு வந்து சேர்வது 50, 53. ஒவ்வொன்றிலும் 48ஐக் கழித்தால் 2, 5. முதல் இலக்கத்தைப் பத்தால் பெருக்கி அடுத்ததைக் கூட்டினால் 25.

மாற்றுவது சுலபம். தப்பான உள்ளீட்டை அடையாளம் காண்பதில்தான் வம்பு.

சி மொழியின் பழைய ‘ஏடூஐ’ செயற்கூறிடம் ‘மாம்பழம்’ என்று கொடுத்தால் 0 என்று சொல்லிவிடும். உண்மையிலேயே 0 தட்டியவரையும் உளறிக்கொட்டியவரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டின் ‘பார்ஸ்இன்ட்’ ‘12 மாம்பழம்’ என்பதில் 12ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்ளாது.

பைத்தானின் ‘இன்ட்’ கறார்ப் பேர்வழி. கடைசி எழுத்து வரை பார்த்து, ஒன்று பிசகினாலும் பிழை எழுப்பும். முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும். 1,00,000 என்று காற்புள்ளி போட்டால் ஏற்காது. ஆனால் ‘௨௫’ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்துப் பாருங்கள், 25 என்று சரியாகச் சொல்லும். யூனிகோடு அவற்றையும் தசம இலக்கங்களாக வகைப்படுத்தியிருப்பதே காரணம். பத்தைக் குறிக்கும் ‘௰’ இட மதிப்புள்ள இலக்கம் அல்ல என்பதால் அது தள்ளுபடி.

எல்லாம் இலக்கம்தானா என்று ‘இஸ்டிஜிட்’ மூலம் முன்கூட்டியே சோதிக்கலாமே என்று தோன்றும். அது கழித்தல் குறி இருப்பதால் -5ஐ மறுத்துவிடும். மேலேறிய ‘²’ஐ ஏற்றுக்கொள்ளும். பிந்தையதை ‘இன்ட்’ ஏற்காது. அதனால் பைத்தானில் நேரடியாக மாற்றிப் பார்த்து, பிழை வந்தால் பிடித்துக்கொள்வதே வழக்கம்.

மாற்றம் வெற்றி பெற்றாலும் வேலை முடியவில்லை. 900 சரியான முழு எண், வயதாகச் செல்லாது. குறியுள்ள 32 பிட் இடத்தில் அடங்கும் உச்ச எண் 2,14,74,83,647. நம் ஊர்ப் பத்து இலக்கக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குவதால் ஒன்றுகூட அதில் அடங்காது. அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ யாருக்கும் தேவையில்லை. அப்படிப்பட்டவற்றை எழுத்துச்சரமாகவே வைத்துக்கொள்வது நல்லது. முதலில் வரும் பூஜ்யங்களும் தொலையாது.