சிடிப் பெட்டியைக் காலி செய்யும் முன்: பிளேயரைத் தூக்கிப் போடாதீர்கள்

உறவினர் வீட்டு மொட்டை மாடியில் மாதுளைச் செடியைச் சுற்றி ஏழெட்டு சிடிக்கள் நூலில் தொங்கின. அணிலும் கிளியும் காயைக் கடிக்காமல் இருக்கக் கட்டியவை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். மார்க்கர் பேனாவில் அவர்கள் மகளின் கல்யாணத் தேதி, அதன் கீழே ‘2/3’. மூன்றில் இரண்டாவது. தாலி கட்டும் காட்சி பெரும்பாலும் அதில்தான் இருக்கும். சினிமா சிடி என்று நினைத்துக் கட்டிவிட்டார்களாம். போட்டுப் பார்க்கலாமே என்றேன். பிளேயர் ஆயுதபூஜைக்கு வீடு ஒழித்தபோதே காயலான் கடைக்குப் போய்விட்டிருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். மாதத்துக்கு ஒருவராவது இதே நிலையில் என்னிடம் வந்து நிற்கிறார். எல்லோரும் செய்யும் தவறும் ஒன்றுதான்: முதலில் பிளேயரைப் போட்டுவிடுகிறார்கள், பிறகு சிடிக்களை என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். கடைசி சிடியைப் பார்த்து முடிக்கும்வரை பிளேயர் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. தட்டு வெளியே வரவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பழுது பார்க்கும் கடையில் மாற்றித் தருவார்கள். புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களுக்கு இடமில்லை என்பதும் சிடிக்களைப் பார்க்காமல் விடக் காரணமாகாது. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினால் மடிக்கணினியிலேயே விசிடி, டிவிடி இரண்டையும் படிக்கலாம்.

அடுத்து, எதை வைத்துக்கொள்வது? பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சிடியையும் எழுத்து அச்சாகாத அடிப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் பளபளத்தால் தொழிற்சாலையில் அச்சடித்தது. நீலம், பச்சை, ஊதா கலந்த சாயல் தெரிந்தால் யாரோ கணினியில் பதிவு செய்தது. அதில் இருப்பது சாயப் பூச்சு. வெயிலும் வெக்கையும் அதை வெளுக்க வைக்கும். உங்கள் கல்யாணம், காதுகுத்து, தாத்தாவின் சதாபிஷேகம் எல்லாம் இந்தச் சாயச் சிடிக்களில்தான் இருக்கும். கடையில் வாங்கிய சினிமா பெரும்பாலும் வெள்ளிச் சிடியில் இருக்கும். ஆக, முதலில் சாகப்போவது உங்களுக்கு மட்டுமே உரியது. ஊருக்கே கிடைக்கும் படம் இன்னும் சில காலம் ஓடும். ஆனால் எல்லோரும் சினிமாவை அடுக்கி வைத்துவிட்டுக் கல்யாணச் சிடியைத்தான் கண்ட இடத்தில் போடுகிறார்கள்.

சினிமாவைப் பொறுத்தவரை ஈவிரக்கம் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. விசிடியில் ஒரு காட்சிச் சட்டத்துக்கு 352-க்கு 288 புள்ளிகள்தான். இன்றைய ஃபுல் எச்டி டிவி அதைப்போல் இருபது மடங்கு புள்ளிகளைக் காட்டும். பெரிய திரையில் அந்தப் படம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது வீடு வீடாகச் சேர்ந்த படங்களில் பலவற்றை இன்று நல்ல தரத்தில் பார்க்க முடிகிறது. அவற்றுக்காக ஒரு அலமாரியை அடைத்து வைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ‘எல்லாம் ஓடிடியில் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொரு தலைப்பையும் தேடிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மாதச் சந்தா என்பது பார்ப்பதற்கான அனுமதி; ஒப்பந்தம் முடிந்தால் படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) பிரதியே இல்லாமல் அழிந்துபோன ஊர் இது. எங்கு தேடியும் கிடைக்காத படம், பாடல் வெட்டப்படாத முழு வடிவம், நாடகப் பதிவு, கச்சேரிப் பதிவு ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

அப்படி எடுத்து வைத்ததை உடனே பிரதி எடுங்கள். தீபாவளி கழித்து, பொங்கல் கழித்து என்று தள்ளாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளை மாதிரி ஒளி தெரிகிறதா? ஓரத்தில் செம்பு நிறம் ஏறுகிறதா? அந்தச் சிடியை முதலில் எடுங்கள். விசிடியில் தகவல் இருப்பது எழுத்து அச்சான பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய வார்னிஷுக்கு அடியில். அந்தப் பக்கம் கீறினால் போனது போனதுதான். எனவே அங்கே ஸ்டிக்கர் ஒட்டவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம், பால்பாயிண்ட் பேனாவால் எழுதவும் வேண்டாம். துடைப்பதென்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள்.

விசிடியில் ‘எம்பெக் ஏவி’ என்ற ஃபோல்டருக்குள் ‘டாட்’ ஃபைலாகப் படம் இருக்கும். டிவிடியில் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரை முழுதாக எடுங்கள். உள்ளிருக்கும் துண்டுகளில் ஒன்றிரண்டை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால் சிடி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் திணறும் சிடியை வேறொன்று படித்துவிடுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஒரு விசிடிக்குச் சுமார் 700 எம்பி, ஒரு டிவிடிக்கு 4.7 முதல் 8.5 ஜிபி வரை பிடிக்கும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். ஆனால் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளை வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்பி மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிரதி எடுப்பது குற்றமா என்று பலர் பயப்படுகிறார்கள். வேறு சிலருக்கு எதற்கும் பயமே இல்லை. இரண்டு பேருக்கும் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொந்த, தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு விலக்குத் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் சிடியின் நகல் தடுப்புப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் வாங்கிய படத்தை உங்கள் வீட்டிலேயே பார்க்க எடுத்த பிரதி வேறு. அதையே தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் காசுக்குப் பதிந்து தருவதும் வேறு. பின்னது 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தமிழ்நாட்டில் 2004 முதல் வீடியோ திருட்டும் குண்டர் சட்டத்தின் கீழ் வருகிறது. ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர் ‘உங்க சிடியைக் குடுங்க, நூறு படம் சேர்த்துப் போட்டுத் தர்றேன்’ என்றால் கொடுக்காதீர்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். விவாகரத்து, ஜீவனாம்சம், இரண்டாம் திருமணப் புகார், சொத்துப் பிரிவினை இவற்றில் கல்யாண வீடியோ சாட்சியமாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் பிரதி இருக்கிறதே என்று மூலச் சிடியை உடைத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கில் தேர்தல் பாடல்களும் அறிவிப்புகளும் அடங்கிய சிடிக்களை ஏற்கவில்லை. காரணம், பிரதியோடு தர வேண்டிய உரிய சான்றிதழ் இல்லை. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், விசிடிக்களை முன்வைத்து அதே நிலையை மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவும் சான்றிதழ் கேட்கிறது. அது இரண்டு பகுதி கொண்ட படிவம். முதல் பகுதியைப் பதிவைத் தருபவரும் இரண்டாவதை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஃபைலின் அடையாளமான ‘ஹாஷ்’ எண்ணையும் குறிக்க வேண்டும். வழக்கு இருந்தாலும், வரலாம் என்று தோன்றினாலும், மூலச் சிடியை உறையோடு, யார் எப்போது தந்தார் என்று ஒரு காகிதத்தில் எழுதி, பத்திரமாக வையுங்கள். வக்கீலைப் பார்க்கும் முன் எடிட் செய்யாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், வெட்டாதீர்கள். மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் செய்யத் தெரியாதவர்கள் ஸ்டூடியோவில் கொடுக்கிறார்கள். கொடுங்கள், வெறும் கையோடு மட்டும் திரும்பி வராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பதினொரு சிடியைக் கொடுத்து எட்டைத் திரும்ப வாங்கியது. ‘எட்டுதான் குடுத்தீங்க’ என்று பதில் வந்தது. கையில் இருந்தது ஒரு விசிட்டிங் கார்டு. அதில் எண்ணிக்கையும் இல்லை, தேதியும் இல்லை. இதைத் தவிர்ப்பது பத்து நிமிட வேலை. ஒவ்வொரு சிடிக்கும் உறையில் எண் போடுங்கள். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒரு தாளில் எண், தலைப்பு, சிடியின் நிலை ஆகியவற்றை எழுதி, கடைக்காரரிடம் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். எந்தத் தேதியில், எந்த வடிவில், எவ்வளவு தொகைக்குத் தருவார், மூலச் சிடிகளைத் திருப்பித் தருவாரா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். முன்பணம் யூபிஐயில் கட்டுங்கள். பில் இல்லாமல் நகராதீர்கள்.

தொலைத்துவிட்டார்கள், கீறிவிட்டார்கள், காலியான ஃபைலைத் தந்துவிட்டார்கள் என்றால் கடை வாசலில் சத்தம் போட்டுப் பயனில்லை. முதலில் எழுத்து மூலமாக ஒரு அறிவிப்பை ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சில கடைகள் அதற்கே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. இ-ஜாக்ருதி தளம் வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம். மனுவில் இரு தரப்பு முகவரி, நடந்தது என்ன என்ற தேதிவாரி விவரம், கேட்கும் நிவாரணம், உறுதிமொழிப் பத்திரம் இருக்க வேண்டும். பில், கையெழுத்துத் தாள், போட்டோ, அறிவிப்பு நகல், ஒப்புகை எல்லாவற்றையும் வரிசையாக எண்ணிட்டு இணையுங்கள். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘பார்த்துச் சொல்றேன்’ என்று கடைக்காரர் இழுக்க இழுக்க அந்த இரண்டு ஆண்டு கரைந்துகொண்டே இருக்கும்.

எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்களோ ஒத்திவைப்பின் மேல் ஒத்திவைப்பாகக் கொடுக்கின்றன. கல்யாண வீடியோவைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவரிடம் அலுவலகத்தில் ‘சிடிக்கெல்லாமா கேஸ்?’ என்று கேட்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. கேட்டால் தயங்காமல் மனுவை நீட்டுங்கள். பெற்றுக்கொண்டதற்கான எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கடைசியில் மிஞ்சுவதை எரிக்காதீர்கள். சிடி என்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்; போகி நெருப்பில் அதைப் போட்டால் எழும் புகை உங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும். சொந்த விவரம் உள்ள சிடியைத் துணியில் சுற்றி உடைத்துப் பிளாஸ்டிக் கழிவில் சேருங்கள். பிளேயர் மின்னணுக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுக்கும் முன் தட்டைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் கடைசியாகப் பார்த்த சிடி இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது.