சீதையின் கதை யாருடையது?

இராமன் முடிசூடிக்கொண்டதோடு கம்பர் தம் காவியத்தை நிறைவு செய்துவிட்டார். அதன் பின் நிகழ்ந்தனவாக உத்தரகாண்டம் கூறுவனவற்றை அவர் பாடவில்லை. ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சிக் கருவுற்றிருந்த சீதையை இராமன் காட்டுக்கு அனுப்பியதும், அங்கே அவள் இரு மக்களைப் பெற்று வளர்த்ததும், இறுதியில் நிலம் பிளந்து அவளை ஏற்றுக்கொண்டதும் தமிழ் மக்கள் அறியாதன அல்ல. எனினும் அவற்றை விரும்பிச் சொல்வார் குறைவு. வடமொழியில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவபூதி இப்பகுதியை நாடகமாக்கத் துணிந்தபோது, பிரிந்த இருவரையும் மீண்டும் ஒன்றுசேர்த்தே முடித்தார். கவிஞர்களின் உள்ளத்தை இத்தனை காலம் உறுத்தி வந்த இந்த இடத்தைத்தான், நம் காலத்தில் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் தம் சித்திரப் படத்துக்குப் பொருளாகக் கொண்டார்.

அவர் பெயர் நீனா பேலி. பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரத் தொடர்கள் வரைந்து வந்தவர். கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைக்கவே, 2002இல் அவரும் அந்நகருக்கு வந்து சேர்ந்தார். இராமாயணம் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். பின்னர் அலுவல் காரணமாக அவர் நியூயார்க்குக்குச் சென்றிருந்த வேளையில், இனித் திரும்பி வரவேண்டாம் என்று கணவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கைவிடப்பட்ட நிலையில், நண்பர் வீடுகளில் தங்கியிருந்த நாள்களில், பழைய இசைத்தட்டுகளில் ஒரு குரலைக் கேட்டார். அது ஆனட் ஹான்ஷா என்னும் ஜாஸ் பாடகியின் குரல். அப்பாடல்கள் 1920களின் பிற்பகுதியில் பதிவானவை. காதலன் வரவில்லையே என்று ஏங்குவதும், கொடுமை செய்தாலும் அவனையே நாடுவதும்தான் அவற்றில் பலவற்றின் பொருள். அசோகவனத்தில் இருந்தவள் பாடியிருந்தால் இப்படித்தானே பாடியிருப்பாள் என்று நீனாவுக்குத் தோன்றியது. 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்' என்னும் படம் அங்கே கருக்கொண்டது. 'ப்ளூஸ்' என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த துயர இசை.

படம் ஓடும் நேரம் 82 நிமிடம். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் கண்முன் நகர்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு லட்சத்துப் பதினெண்ணாயிரம் படங்களுக்கு மேல் வேண்டும். 1937இல் வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' வெளிவந்தபோது, இத்தகைய வேலைக்குப் பெருந்தொகையான ஓவியர்கள் ஒரு தொழிற்சாலையில் உழைப்பதைப் போல் உழைக்க வேண்டியிருந்தது. நீனாவோ சித்திர வேலையைப் பெரும்பாலும் தாம் ஒருவராகவே, வீட்டுக் கணிப்பொறியில் செய்து முடித்தார். இது எவ்வாறு இயன்றது? நம் தோற்பாவையை நினைத்துக்கொண்டால் விடை எளிதில் விளங்கும். பாவையின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை தனித்தனியே வெட்டப்பட்டு முடிச்சால் இணைக்கப்பட்டிருக்கும். கையை அசைக்க வேண்டுமானால் பாவை முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. கணிப்பொறிச் சித்திரத்திலும் அப்படியே. உறுப்புகளை ஒரு முறை வரைந்துவிட்டுத் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் குறித்துவிட்டால், இடைப்பட்ட அசைவுகளை இயந்திரமே நிரப்பிவிடும். ஆயினும் இயந்திரத்தால் ஆகாதவை பல. அவற்றுக்காக நீனா ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்.

படம் முழுவதையும் ஒரே பாணியில் அவர் வரையவில்லை. சீதை பாடும் இடங்களில் வட்டங்களாலும் வளைகோடுகளாலும் அமைந்த பளபளப்பான பதுமைகள் வருகின்றன. இராமாயண மாந்தர் உரையாடும் இடங்கள் 18ஆம் நூற்றாண்டு இராஜபுத்திரச் சிற்றோவியங்களைப் போலப் பக்கவாட்டு முகத்தோடு அமைந்துள்ளன. தம் சொந்தக் கதை வரும் இடங்களில் மட்டும் கோடுகள் நடுங்குகின்றன! அக்னிப் பிரவேசத்துக்கோ இவற்றில் எதுவும் போதவில்லை. ஒரு நடனமணியின் ஆட்டத்தைத் தழுவி அதைத் தனியே வரைந்திருக்கிறார்.

எனினும் இப்படத்தின் உயிர்நிலை என்று நான் கருதுவது மூன்று நிழற்பாவைகளின் பேச்சைத்தான். இந்தியர் மூவர், எழுதி வைத்த வசனம் ஏதுமின்றி, தாம் சிறு வயதில் கேட்ட இராமாயணத்தை நினைவிலிருந்து பேசுகிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கிறார். ஒருவருக்குப் பெயர் மறந்துபோகிறது. அனுமன் இலங்கைக்கு வந்தபோதே சீதை அவனோடு புறப்பட்டிருக்கலாமே, இத்தனை உயிர் மாண்டிருக்காதே என்ற ஐயமும் அவர்களிடையே எழுகிறது. நம் வீட்டுத் திண்ணைகளில் எழாத ஐயமா இது? அவள் ஏன் அவ்வாறு செல்லவில்லை என்பதற்கு வால்மீகியும் கம்பரும் விரிவாகவே விடை கூறியிருக்கிறார்கள். கேரளத்தில் பாலக்காட்டுப் பகுதியிலுள்ள பகவதி கோயில்களில் இன்றும் தோற்பாவைக் கூத்து நடைபெறுகிறது. அங்கே பாடப்படுவது கம்பர் செய்யுள். திரைக்குப் பின் அமர்ந்த புலவர்கள் ஒரு செய்யுளைப் பாடிவிட்டு வினாவும் விடையுமாக நெடுநேரம் வாதிடுவார்கள். அதைக் கேட்டவருக்கு நீனாவின் பாவைகள் வாதிடுவது புதுமையாகத் தோன்றாது.

2008 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டு ஆன்சி நகரத்துச் சித்திரப்பட விழாவில் முதற்பரிசும் பெற்றது. ஆயினும் அதைச் சட்டப்படி வெளியிட இயலவில்லை. இராமாயணத்தை எடுத்தாளுவதற்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டியிருக்கவில்லை. தடையாக நின்றவை எண்பது ஆண்டுப் பழமையுடைய அப்பாடல்களே. பாடகி 1985இலேயே மறைந்துவிட்டார். ஆனால் பாடல்களின் சொல்லுக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை, பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. முதலில் அவர்கள் கேட்ட தொகை இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். பேசிப் பேசி ஏறத்தாழ 50,000 டாலர் அளவுக்குக் குறைந்தது. நீனா கடன் வாங்கி அதைக் கட்டினார். படைப்பவருக்கு ஊதியம் வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எழுதியவரும் இல்லை, பாடியவரும் இல்லை என்ற நிலையில் அப்பணம் யாருக்கு ஊதியமாயிற்று என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

கடன்பட்டவர் படத்தைக் காசாக்கத்தான் முயல்வார் என்று எதிர்பார்ப்போம். நீனாவோ 2009இல் அதை இணையத்தில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். பார்க்கலாம், படியெடுக்கலாம், திரையிடலாம், மாற்றியும் அமைக்கலாம். மாற்றியமைத்தவர் அதை இதே போலப் பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பதே அவர் இட்ட நிபந்தனை.

எதிர்ப்பும் வந்தது. இராமனையும் சீதையையும் இழிவுபடுத்துகிறது என்று அதே ஆண்டில் ஓர் இந்து அமைப்பு கண்டன மனு திரட்டியது. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் நம் கதையை எடுத்தாளலாமா என்று வேறொரு பக்கத்தினரும் சினந்தனர். பக்தியோடு படம் பார்க்க அமர்வோர் உள்ளம் சில காட்சிகளில் புண்படும் என்பதை மறுப்பதற்கில்லை. இராமனுடைய துயரத்துக்கு இப்படத்தில் கிடைத்த இடம் சிறியது என்பதும் என் எண்ணம். உத்தரகாண்டத்து இராமன் வேள்விக்கு வேறொரு மனைவியைத் தேடாமல், சீதையின் உருவைப் பொன்னால் செய்து அருகில் வைத்துக்கொண்டவன் அல்லவா? ஆனால் சீதையின் பக்கம் நின்று கேட்கும் கேள்வியை வெளிநாட்டார் புகுத்தியதென்று தள்ளிவிட முடியாது. உத்தரகாண்டத்தில் அவளே அதைச் சபை நடுவே வாய்ச்சொல்லாலன்றி, மண்ணுக்குள் மறைந்ததன் மூலம் கேட்டுவிட்டாள்.

2013இல் தாம் முன்பு இட்டிருந்த நிபந்தனையையும் நீனா நீக்கிவிட்டார். தம் பங்குக்குரிய பதிப்புரிமை முழுவதையும் துறந்து, படத்தைப் பொதுவுடைமையாக்கினார். பாடல்களின் சொல்லும் மெட்டும் அவருடையவை அல்ல. ஆதலால் அவற்றின் உரிமையை மட்டும் அவரால் துறக்க முடியவில்லை.